கவுன்சிலர் காரின் இடி

கோவில்பட்டி கவுன்சிலர் தர்மலிங்கத்துக்குக் கீச்சுக்குரல். தன் கார் டிக்கியில் அடித்தொனியை அதிரவைக்கும் சப்வூஃபர் பெட்டியும் ஆம்ப்ளிஃபையரும் மாட்டிக் கொடுத்த செண்பகத்தை, மைக்கைப் பிடித்தபடியே மிரட்டினார்.

"பாட்டுக்கு இடிக்குது, என் பேச்சுக்கு ஏன் இடிக்கல? இடிக்க வை! இல்லைன்னா உன் கடைக்குப் பூட்டுதான்!"

தெருவே கூடிவிட்டது. செண்பகம் ஸ்க்ரூடிரைவரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இந்தப் பெட்டி இறங்கின குரலைத்தான் எடுக்கும், அண்ணாச்சி. ஜெயிச்ச நாள்லேர்ந்து நீங்க எங்ககிட்ட இறங்கிப் பேசினதே இல்லையே! தெருவுக்குத் தண்ணி லாரி கேட்டப்பக்கூட எகிறத்தானே செஞ்சீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கவுன்சிலர் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "மானத்த வாங்காத தாயி, நாளைக்கே லாரி அனுப்புறேன்" என்றார்.

மைக் வாயருகிலேயே இருந்தது. "அனுப்புறேன்" என்று டிக்கி இடித்த இடியில் தெருக்கோடி ஜன்னல்களெல்லாம் அதிர்ந்தன.