செவலைக்கும் அதே சமையல்

தளவாய் இரணசிங்கம் தினமும் ஒரு முழுத் தொடைக்கறி தின்பதாக வீரர்களிடம் பெருமையடிப்பார். ஆனால் அவர் சாப்பாடு மூடிய தட்டில்தான் போகும். காலித் தட்டு திரும்பும்போது லாயத்து நாய்கள் மோப்பம் பிடிக்கத் தலைகூடத் தூக்குவதில்லை என்பதைக் குதிரைக்காரன் பேச்சிமுத்து கவனித்திருந்தான்.

பல வருஷம் கழித்து அன்று தளவாய் லாயத்துக்கு வந்தார். முன்பு அவரைச் சுமந்து ஆறு தாண்டிய செவலைக்குதிரை, அவரைக் கண்டதும் கனைத்தது. அவரோ அதன் விலா எலும்புகளைத்தான் பார்த்தார்.

"இதன் கொள்ளு உன் வயிற்றுக்கா போகிறது?"

"இல்லை எசமான். அன்று கொடுத்த அதே இரண்டு படிதான். வயதாகிவிட்டது, உடம்பில் ஒட்டவில்லை."

"எனக்கும்தான் வயது. இளைத்தா போனேன்? நாற்பது நாளில், அதே இரண்டு படியில் இது தேறவேண்டும். இல்லையென்றால் காட்டுக்கு ஓட்டிவிடு!"

பல் தேய்ந்த குதிரை காட்டில் பிழைக்காது.

"சரி எசமான். உங்கள் சமையல்காரரை மட்டும் கொடுங்கள். உங்களுக்குச் செய்வதுபோலவே இதற்கும் செய்யட்டும்."

தளவாய் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

நாற்பதாம் நாள் செவலையின் விலா தெரியவில்லை.

"திருட்டுத்தனமாக என்ன கொடுத்தீர்கள்?" என்று வீரர்கள் முன்னால் கத்தினார் தளவாய்.

"அதே இரண்டு படிதான் ஐயா," என்றார் சமையல்காரர். "உங்கள் சோற்றைப்போலக் குழைய வேகவைத்துப் பிசைந்தேன். உங்களுக்குப்போல ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்தேன். வெயில் சாய்ந்ததும் கம்பளி போர்த்தினேன்."

வீரர்கள் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார்கள். தளவாய் கோபமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் செவலை மறுபடி கனைத்தது. அவர் மெல்லப் போய் அதன் கழுத்தில் கைவைத்தார்.

"இதற்கு அந்த ஆறு ஞாபகமிருக்குமா, பேச்சிமுத்து?"

"தினமும் அந்தத் திசையைப் பார்த்துத்தான் நிற்கும், எசமான்."

"என் நாற்காலியும் அந்தத் திசையைப் பார்த்துத்தான் கிடக்கிறது," என்றார் தளவாய்.