ஜெஸபாண்டிஸன் போட்ட உத்தரவு

மதுரையில் ஒரு மென்பொருள் கம்பெனி. அதன் மேனேஜர் ஜெயபாண்டியன் ஜெர்மனியில் இருக்கும் முதலாளியைப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது அந்த ஊர் கீபோர்டுகளைப் பெட்டி நிறையக் கொண்டுவந்து எல்லாருடைய மேஜையிலும் மாட்ட வைத்தார். அதில் ஒய் இருக்க வேண்டிய இடத்தில் இசட் இருந்தது. புரோகிராமில் வரிக்கு வரி வரும் அடைப்புக்குறியை அடிக்க விரலை முறுக்க வேண்டியிருந்தது.

"சார், வேலையே ஓடலை," என்றாள் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பேச்சியம்மாள்.

"கோளாறு கீபோர்டில் இல்லம்மா, உன் கையில இருக்கு. நான் குனிஞ்சு பார்க்காமலே அடிப்பேன். முடியாதவங்க நாளையிலேருந்து வர வேண்டாம்."

"அதையே மெயிலில் போட்டுடுங்க சார். எல்லாருக்கும் தெரியட்டும்."

அவளை முறைத்தபடியே அவர் புதுக் கீபோர்டில் ஆங்கிலத்தில் உத்தரவை அடித்தார். கீழே பெயரையும் அடித்து, முதலாளி உட்பட எல்லாருக்கும் அனுப்பினார். ஒய் வர வேண்டிய இடமெல்லாம் இசட் விழுந்து, பெயர் 'ஜெஸபாண்டிஸன்' ஆகியிருந்தது.

பேச்சியம்மாள் தன் போனிலிருந்து எல்லாருக்கும் பதில் அனுப்பினாள்: "ஜெஸபாண்டிஸன் என்று நம்மிடம் யாரும் இல்லை. எவனோ சாருடைய மெயிலுக்குள் புகுந்துவிட்டான். இந்த உத்தரவை நம்ப வேண்டாம்."

உடனே முதலாளி போனில் கூப்பிட்டார். "யார் இந்த ஆள்?"

ஜெயபாண்டியன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "திருடன்தான் சார். உத்தரவை ரத்து பண்ணிட்டேன். பழைய கீபோர்டையே மாட்டச் சொல்லிட்டேன்."

அந்தத் திருடனை இன்னும் தேடுகிறார்கள். தேடும் குழுவுக்கு ஜெயபாண்டியன்தான் தலைவர்.