மொத்தத்துக்குள் இருந்தவர்கள்

"மூலம் போய்விட்டது, அம்மா," என்றார் மாசிலாமணி.

மடத்தின் தலைவி செல்லநாச்சியார் அவரைவிட வயதில் இளையவர். குழந்தைகளுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அடுப்படியிலிருந்து சமையல்காரர் ஆவுடையப்பன் குரல் கொடுத்தார்.

"மூலம் போனா நல்லதுதானவே. இனி நிம்மதியா உக்காரலாம்."

யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளத்துக்குத் தப்பி வந்தவர்களை மடம் ஐந்து பள்ளிக்கூடங்களில் தங்கவைத்திருந்தது. யார் எங்கே என்று கணினியில் பதிந்தவர் மாசிலாமணி. அந்தப் பெயர்ப் பக்கத்தை மூலமாக வைத்து ஒரு பிவட் அட்டவணையும் போட்டார். எந்தப் பள்ளியில் எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை முதியோர் என்று அது கூட்டிச் சொல்லும். பார்க்க வந்த அதிகாரி அட்டவணையை மெச்சினார். பெயர்ப் பக்கமோ அவசரத்தில் பதிந்தது. ஒரே அலங்கோலம். அதை அழித்துவிட்டார்.

கணக்குத்தான் சுத்தமாக இருக்கிறதே.

இப்போது வாசலில் பேச்சித்தாய் நின்றாள். தாயைத் தேடி வந்தவள். தாய்க்குச் சர்க்கரை நோய். ஊசி மருந்து மகளின் கையில் இருந்தது. ஐந்து பள்ளியிலும் கிழவிகள் உண்டு. செல்போனில் எந்தப் பள்ளியும் கிடைக்கவில்லை. இருப்பது ஒரே படகு. இருட்டுவதற்குள் ஒரு பள்ளிக்குத்தான் போக முடியும்.

மாசிலாமணி எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். அழித்த பக்கத்தைக் கணினியில் தேடாத இடமில்லை என்றார். ஓர் உயிர் போனால் அந்தப் பழி தன்னுடையது, இனி மடத்தில் இருக்க மாட்டேன் என்றார்.

"எண்கள் இருக்கின்றனவா?" என்று கேட்டார் செல்லநாச்சியார்.

"அவை மட்டும்தான் அம்மா. வெறும் கூடு."

"எல்லோரையும் கூட்டிய எண் எங்கே?"

அட்டவணையின் கடைசி மூலையைக் காட்டினார்.

"அதை இரண்டு தடவை தட்டுங்கள்."

தட்டினார்.

புதிய பக்கம் ஒன்று திறந்தது. வரிசை வரிசையாக ஆட்கள். ஆணா, பெண்ணா, முதியவரா, எந்தப் பள்ளி. கூட்டிய எண் ஒருவரையும் விடாமல் உள்ளே வைத்திருந்தது.

மாசிலாமணிக்குக் கண் நிறைந்தது. பேச்சித்தாயை உள்ளே கூப்பிட்டார். அவளுக்கு எழுத்து தெரியாது. பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"எங்கம்மா பேரு முத்தாச்சி. எந்தப் பள்ளிக்கூடம்னு பாருங்க சாமி."

தேடினார். முத்தாச்சி இல்லை.

முதியோர் வரிசைக்கு இறங்கினார். அங்கே அவர் விரல் நின்றுவிட்டது.

பெயர் பதிந்த அன்று மழை. கூட்டம் வாசல்வரை நின்றது. கிழவிகளுக்குக் காது கேட்கவில்லை. பெயரை ஒரு தரம் கேட்டுப் பார்த்திருந்தார். மறுபடி கேட்கவில்லை. பெயர் என்ற கட்டத்தில் அவரே பதிந்தது அப்படியே இருந்தது.

கிழவி.

கிழவி.

கிழவி.

ஐந்து பள்ளியிலும்.

"என்ன சாமி, இல்லையா? சத்தமா வாசிங்க. நான் கேட்டுக்கிடுதேன்."

மாசிலாமணி தலைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"வாசியுங்கள்," என்றார் செல்லநாச்சியார்.