பவளத்தாள் நாவில் பூத்த வெள்ளை

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். பாயை இழுத்துப் போட்டு உட்காருங்கள். குரல் போன ஒருத்தியின் கதை இது. உரக்கச் சொன்னால் நன்றாக இருக்காது.

ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஓர் ஊர். மார்கழி வந்தால் அங்கே பனி இறங்கும். சும்மா பனி இல்லை. கையை நீட்டினால் விரல் தெரியாது. கரை எது, கடல் எது, வானம் எது, ஒன்றும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே பால். அந்தப் பாலுக்குள்ளிருந்து துடுப்புச் சத்தம் கேட்கும். படகு தெரியாது.

ஆற்றின் வாயில் ஒரு மணல்திட்டு உண்டு. ஏறினால் படகு கவிழும். அதனால் பனிக்காலத்தில் விடிகிற நேரம் கரைமேட்டில் ஒருத்தி நின்று கூவுவாள். குரல் நேர் எதிரே கேட்டால் வழி சரி. வலக்காதில் கேட்டால் திட்டு பக்கத்தில் இருக்கிறது, திருப்பு. அப்படிக் கூவுகிறவள் பவளத்தாள். அவளுடைய தம்பிகள் இரண்டு பேரும் கடலுக்குப் போயிருந்தார்கள். அமாவாசை விடியலில் வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஊரில் ஒரு வைத்தியசாலை. நடத்தியவள் உலகுடையாள். வயது முப்பதுகூட இல்லை. அவளுடைய சீடர் நம்பிக்கு ஐம்பத்தாறு. பாதி ஆயுள் கோட்டை வாசலில் ஈட்டி பிடித்து நின்றவர், பிறகு மருந்து அரைக்க வந்தார். அவர் அவளை ‘அம்மா’ என்பார். அவள் அவரை ‘நம்பியண்ணே’ என்பாள். ஊர் சிரித்தது. அவர்கள் சிரிக்கவில்லை.

வந்த முதல் நாளே அவள் சொல்லியிருந்தாள்: “நம்ம வாயில, வயித்துல, தோல் மேல எல்லாம் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிருங்க குடியிருக்கு, நம்பியண்ணே. கோடி கோடியா.”

அன்று முழுக்க நம்பிக்குச் சோறு இறங்கவில்லை. கோட்டைக்குள் இத்தனை பேர் புகுந்திருக்கிறார்கள், காவலுக்கு ஒருத்தன் இல்லையே என்று இருந்தது.

அந்த மார்கழியில் உலகுடையாள் ஒரு சிக்கலான பிரசவம் பார்க்க மேல்கரை ஊருக்குப் போனாள். மறுநாளே பவளத்தாள் தொண்டை வீங்கி, காய்ச்சலோடு வந்து நின்றாள். நம்பி கறுப்புப் பொடியை எடுத்தார். கடுமையான பொடி அது. போகிற வழியில் இருக்கிற சின்ன உயிரையெல்லாம் சாய்த்துவிடும். மூன்று நாளுக்கு மேல் கொடுக்காதீங்க என்று உலகுடையாள் நூறு தடவை சொல்லியிருந்தாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நம்பி விடவில்லை.

“பகையில ஒருத்தன் மிச்சம் இருந்தாலும் திரும்பி வருவான், தாயி. இன்னொரு வாரம் சாப்பிடு.”

பத்தாம் நாள் அவள் நாக்கில் வெள்ளை பூத்தது. பாலாடை மாதிரி. நம்பி அதை வழித்துப் போட்டுவிட்டுப் பொடியின் அளவை இரட்டிப்பாக்கினார். மறுநாள் அண்ணம், கன்னத்தின் உள்பக்கம், தொண்டை, எங்கும் வெள்ளை. எச்சில் விழுங்கினால் கண்ணில் நீர் வந்தது. மேட்டில் ஏறிக் கூவிப் பார்த்தாள். காற்றுத்தான் வந்தது.

உலகுடையாள் திரும்பி வந்தபோது அமாவாசைக்கு ஒன்பது நாள் இருந்தது.

“வேற ஆள் கூவக் கூடாதா?” என்று கேட்டார் நம்பி.

பவளத்தாள் தலையை ஆட்டினாள். உதடு அசைந்தது, சத்தம் பாதிதான் வந்தது. “என் குரல்னா திருப்புவானுங்க. வேற குரலை நம்ப மாட்டானுங்க.”

உலகுடையாள் அவள் வாயை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். “பூசணம். கறுப்புப் பொடிக்கு இது சாகாது,” என்றாள்.

“எப்படிம்மா?” என்றார் நம்பி. “உள்ளே இருந்ததை எல்லாம் கொன்னுட்டேன். ஒண்ணு மிச்சமில்ல. பிறகு இது எங்கிருந்து வந்துச்சு?”

“கருவாட்டுக் களத்துக்கு வாங்க.”

பகல் ஏறியிருந்தது. பனி விலகிக் கடலுக்கு மேலே சுவர் மாதிரி நின்றது. களத்தில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. சுற்றியும் நடுவிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஒருத்தி பேன் பார்த்தாள், ஒருத்தி காலை நீட்டித் தூங்கினாள், இரண்டு பேர் யாரோ ஒரு மருமகளை வாயாலேயே கிழித்துக்கொண்டிருந்தார்கள். பனைமரத்தில் நாலு காக்கை.

“இவங்களை எழுப்பி அனுப்புங்க,” என்றாள் உலகுடையாள்.

“எதுக்கும்மா?”

“சும்மாதானே இருக்காங்க. மீனைப் புரட்டுறாங்களா? நடுநடுவுல ரெண்டை எடுத்து வாயிலயும் போட்டுக்கிறாங்க. களம் சுத்தமாகட்டும்.”

நம்பிக்கு அது நியாயமாகவே பட்டது. கோட்டைக் குரலில் ஓர் அதட்டல் போட்டார்.

“போறோம்யா, மீசைக்காரரே,” என்று புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள் சந்தனத்தாய். அவள்தான் அந்தக் கூட்டத்துக்குப் பெரியவள். “உங்க நெத்திலியை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க!”

களம் வெறிச்சென்று ஆனது. மணலும் மீனும் வெயிலும்தான்.

ஒரு காக்கை இறங்கியது. பிறகு நாலும். பிறகு நாற்பது. நம்பி கம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். வடக்கே விரட்டினால் தெற்கே உட்கார்ந்தது. தெற்கே ஓடினால் காலடியிலேயே கொத்தியது. வேட்டி தடுக்கியது. அந்த வெள்ளைச் சுவருக்குள்ளிருந்து கறுப்புக் கறுப்பாக வந்துகொண்டே இருந்தது, கனவில் வருகிற மாதிரி, சத்தமே இல்லாமல்.

மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். “இவ்வளவு எங்கிருந்தும்மா வந்துச்சு?”

“மரத்துல நாலு இருந்துச்சே, பார்க்கலையா?”

“அதை அந்தப் பொம்பளைங்க விரட்டவே இல்லையே!”

“இல்ல. உட்கார்ந்துதான் இருந்தாங்க.”

நம்பி கையில் இருந்த கம்பைப் பார்த்தார்.

“அப்போ நான் பத்து நாளா கொடுத்த பொடி, உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தவங்களைத்தான் விரட்டுச்சா...”

“அப்புறம் யோசிக்கலாம், நம்பியண்ணே. மீன் போகுது. போய்க் கூப்பிடுங்க.”

அவர் வீடு வீடாகப் போனார். ஒரு வாசலிலும் மரியாதை இல்லை.

“யாரு, மீசைக்காரரா? காக்கா கொத்திருச்சா?”

“தாயி, களத்துக்கு வாங்க.”

“கொஞ்சம் முன்னாடி அதட்டினீங்களே, அந்தச் சத்தம் எங்க போச்சு?” என்றாள் சந்தனத்தாய்.

“தப்புத்தான். கால்ல வேணும்னாலும் விழறேன்.” நிஜமாகவே குனிந்துவிட்டார்.

“ஐயய்யோ, எந்திரிங்க! இந்த இடுப்போட விழுந்தா உங்களைத் தூக்குறதுக்கு வேற ஆள் தேடணும்.”

ஒருத்தி வந்தாள். வெகுநேரம் கழித்து இரண்டு பேர். சாயங்காலம் வரைக்கும் ஆயிற்று. அதுவரை நம்பி கம்போடு ஓடிக்கொண்டிருந்தார்.

“பாதிப் பேர் வந்தாச்சும்மா. கம்பைப் போட்டுடவா?”

“எல்லாரும் வந்து உட்காரட்டும். அதுவரைக்கும் கையில இருக்கட்டும்.”

பவளத்தாளை வைத்தியசாலையிலேயே தங்கவைத்தார்கள். மறுநாளிலிருந்து கறுப்புப் பொடி இல்லை. பூசணத்துக்கென்று ஒரு கசப்பு மருந்தை உலகுடையாள் காய்ச்சிக் கொடுத்தாள். நம்பி பஞ்சில் தொட்டு, சுரண்டாமல், பூவில் தடவுகிற மாதிரி தடவினார். பிறகு, விரட்டிய சின்ன உயிர்களைத் திரும்பக் கூப்பிட, பவளத்தாளின் வீட்டுக்கே போய், அவள் பிறந்ததிலிருந்து சாப்பிட்டு வளர்ந்த பானையிலிருந்து புளித்த மோரும் நீராகாரமும் வாங்கி வந்து வைத்தார். அவள் ஒவ்வொரு வாயாக விழுங்கினாள். அவர் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் நாள் தானாகக் கட்டிலை விட்டு இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்தாள். ஏழாம் நாள் பக்கத்து வீட்டுக் கோழியைத் திட்டினாள். நம்பி அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அமாவாசை விடியல். அன்றைய பனிபோல் அந்த ஊர் பார்த்ததில்லை. மேடு எங்கே முடிகிறது என்று தெரியாமல் பவளத்தாள், உலகுடையாள், நம்பி மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் துடுப்புச் சத்தம். வலப்பக்கம். திட்டுப் பக்கம்.

பவளத்தாள் கூவினாள். குரல் நடுவில் உடைந்தது.

துடுப்பு நிற்கவில்லை.

மறுபடி கூவினாள். கரகரவென்று கொஞ்ச தூரம் போய் விழுந்தது. நம்பியின் விரலை நெரித்துக்கொண்டு, கண்ணை மூடி, மூன்றாவது தடவை இழுத்தாள். அது போனது. பனிக்குள் போய்க்கொண்டே இருந்தது.

துடுப்பு நின்றது.

ஒன்றும் கேட்கவில்லை. நம்பி கோட்டையில் காவல் நின்ற எந்த நாளிலும் அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்தது கிடையாது.

பிறகு துடுப்பு மறுபடி கேட்டது. நேர் எதிரே.

“யக்கா!” பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “குரல் என்ன இப்படி, நரியை முழுங்கிட்டியா? எவளோன்னு நினைச்சோம்!”

“வாடா, வந்து உதை வாங்கு!” என்றாள் பவளத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

படகு மணலில் முட்டியது. கரையில் அடுப்பு மூட்டி யாரோ கூழ் காய்ச்சியிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் நம்பி அவள் முகவாயைத் தூக்கி வாய்க்குள் பார்த்தார். நாக்கு சிவப்பு, அண்ணம் சிவப்பு. உள்ளே, கடைசிப் பல்லுக்குப் பின்னால், கடுகளவு வெள்ளை.

“அம்மா, ஓரத்துல ஒரு பொட்டு இருக்கு.”

“இருக்கும். மரத்துல நாலு காக்கா இருந்த மாதிரி.”

அவர் கை இடுப்பில் இருந்த மருந்துப் பைக்குப் போனது. “விட்டுடறதா?”

உலகுடையாள் அந்தப் பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“விடியறதுக்கு முன்னாலயே வந்து கத்தியிருக்கா, நம்பியண்ணே. பசிக்கும்,” என்றாள். பை இருந்த கையில் கூழ் அகப்பையை வைத்தாள்.