பாதி அப்பளம்

"அம்மா, நீங்க சொன்னதைத்தான் நானும் சொன்னேன். உங்களுக்குச் சிரிக்கிறாங்க. எனக்குப் பாதிச் சோத்துல இலையை மூடிட்டு எழுந்து போறாங்க."

பொன்னுரங்கத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. முசிறியில் மெஸ் வைத்திருக்கிறார். காற்று வாங்குகிற மெஸ். இந்த ஆவணியோடு மூடிவிடலாமா என்று வீட்டில் பேச்சு.

ஆற்றைத் தாண்டினால் குளித்தலை. அங்கே தையல்நாயகியின் மெஸ்ஸில் ஐம்பத்தாறு வருஷமாகக் கூட்டம். மாமியார் காலத்திலிருந்தே அங்கே சாப்பாட்டோடு கேலியும் உண்டு. கேலி விழாத நாளில் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்பார்கள்.

அந்தக் கேலியைக் கற்றுக்கொள்ளத்தான் பொன்னுரங்கம் வந்திருந்தார். தையல்நாயகி அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள்; ஆனாலும் 'அம்மா' என்றுதான் கூப்பிட்டார்.

"என்னண்ணே சொன்னீங்க?"

"மூணாவது தடவை சோறு கேக்குறீங்களே, வீட்டுல உலையே வைக்கிறதில்லையான்னு."

"அவர் வீட்டுல உலை வைக்கிறாங்களா?"

"தெரியாதும்மா."

அவள் தண்ணீர் ஜக்கை அவர் கையில் கொடுத்தாள்.

"ஒரு வாரம் தண்ணி ஊத்துங்க. வாயைத் திறக்கக் கூடாது."

ஊற்றினார். நாலாம் நாள் ஒருவர் ஒரு பக்கமாகவே மெல்லுவது அவர் கண்ணில் பட்டது. அதற்குள் தையல்நாயகி குரல் கொடுத்துவிட்டாள்.

"அண்ணனோட இடது கடைவாய்க்கு இன்னைக்கு லீவு. முருங்கைக்காயை எடுத்துட்டு ரசத்தை விடுங்கப்பா."

பல்வலிக்காரரே சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சிங்காரம் தனியாக வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். ஞாயிறு தவறாமல் மனைவி சாரதா டீச்சரோடு வருகிறவர். அவருக்கு இரத்தக் கொதிப்பு. அதனால் அவர் இலையிலிருந்து அப்பளத்தைப் பாதி உடைத்து எடுத்துக்கொள்வது டீச்சர் வழக்கம்.

டீச்சருக்கு முந்தின நாள்தான் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது.

கூடமே அடங்கிவிட்டது. பொன்னுரங்கம் பேசக் கூடாது என்பதையும் மறந்து தையல்நாயகியிடம் போனார்.

"இவரை மட்டும் விட்டுடுங்கம்மா. ஒண்ணும் சொல்லிடாதீங்க."

"பதினாறு நாளா ஊரே அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாமத்தாண்ணே இருக்கு."

சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. அப்பளம் விழுந்தது. சிங்காரம் அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றில் கை வைக்கவில்லை.

தையல்நாயகி குனிந்தாள். அவர் இலையிலிருந்த அப்பளத்தைப் பாதி உடைத்தாள். நின்ற இடத்திலேயே வாயில் போட்டு நொறுக்கினாள்.

அடுத்தவர் இலையில் கை வைப்பதா? பொன்னுரங்கம் ஜக்கோடு ஓரடி முன்னால் வந்துவிட்டார்.

"என்ன பாக்குறீங்க? ஆள் இல்லைன்னு முழுசாத் தின்னுடலாம்னு வந்தீங்களா? டீச்சரம்மா இந்த வேலைய எனக்கு மாத்தி எழுதிக் குடுத்துட்டுத்தான் போயிருக்காங்க."

சிங்காரம் நிமிர்ந்தார். உதடு கோணியது. அழப்போகிறாரா, சிரிக்கப்போகிறாரா, யாருக்கும் தெரியவில்லை.

இரண்டும் சேர்ந்தே வந்தன. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "பாவி, அவ பாதிதான் எடுப்பா. நீ பெரிய பாதியா எடுத்துட்டியே," என்றார்.

சோற்றைப் பிசைந்தார். கூடம் மறுபடியும் இரைந்தது.

பொன்னுரங்கம் அடுப்படிக்கு அவள் பின்னாலேயே போனார். கோயிலுக்குள் போகிறவர் மாதிரி செருப்பைக் கழற்றியிருந்தார். அது அவருக்கே தெரியாது.

"அம்மா, அவர் சிரிக்கலைன்னா?"

தையல்நாயகி வலது கையை நீட்டிக் காட்டினாள்.

குளிர்ஜுரக்காரி கை மாதிரி அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு இலைக்கும் இப்படித்தாண்ணே."