பூனை நகத்தை உள்ளே இழுத்த கதை

அந்தக் காலத்தில் காட்டில் எல்லா உயிர்களும் பேசும். பூனைக்கு நகங்கள் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நடந்தால் சருகு கரகரக்கும்.

ஒரு முட்புதரில் தும்பை என்ற முயலும் அவள் கணவன் மொச்சையும் இருந்தார்கள். மொச்சைக்கு நான்கு நாட்களாக மூச்சு வாங்கியது. மைனா வந்து, "வாயுதான், ஓமம் தின்னு" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது. ஓமம் தீர்ந்தது. மூச்சிரைப்பு தீரவில்லை.

நெஞ்சின் சத்தம் கேட்கும் காது அந்தக் காட்டில் ஒருவருக்குத்தான் இருந்தது. காட்டுப்பூனை வைத்தியர். வேறு வழியில்லாமல் தும்பை சொல்லி அனுப்பினாள்.

அவர் வந்ததும், "அங்கேயே நில்லுங்கள்!" என்றாள் புதருக்குள் இருந்து. "போன வாரம் உங்களிடம் வந்த கௌதாரி எங்கே?"

"குணமாகிப் போய்விட்டார், அம்மா."

"மீசையில் இறகு ஒட்டியிருக்கிறதே?"

வைத்தியர் மீசையைத் துடைத்துக்கொண்டார். "அது வேறு கௌதாரி. முதலில் உங்கள் கணவரைக் காதை வெளியே நீட்டச் சொல்லுங்கள்."

"காதையா! அப்புறம் தலையையா?"

ஆனாலும் மொச்சையின் காது முள்ளுக்கு வெளியே வந்தது. வைத்தியர் வெயிலில் பிடித்துப் பார்த்து, மெல்ல அமுக்கி, பாதத்தை எடுத்தார். வெளுத்த இடம் வெகுநேரம் சிவக்கவில்லை.

"ரத்தம் சரியாக ஓடவில்லை. நெஞ்சைக் கேட்டே ஆக வேண்டும்."

"நகத்தைக் கழற்றி வையுங்கள்."

"கழற்ற வராது."

"அப்படியானால் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வராதீர்கள்."

அதுவரை எந்தப் பூனையும் செய்யாத காரியம் அது. வைத்தியர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். விரலெலும்புகள் நறநறத்தன. ஒவ்வொரு நகமாகச் சதைக்குள் போனது.

பிறகு உள்ளே வந்து மொச்சையை இடப்பக்கம் சாய்த்து, நெஞ்சில் காதை வைத்தார். தும்பை ஒரு கருவேல முள்ளை அவர் கண்ணருகே பிடித்துக்கொண்டு நின்றாள்.

உர்ர்ர் என்றது.

"என்ன சத்தம் அது?"

"என் வயிறு. பேசாதீர்கள், எண்ணுகிறேன்."

முள் இன்னும் கிட்டே வந்தது. வைத்தியர் காதை எடுக்கவில்லை.

"லப் சரியாக இருக்கிறது. டப் வர வேண்டிய இடத்தில் காற்று ஒழுகுகிற மாதிரி கேட்கிறது. உள்ளே ஒரு கதவு முழுதாக மூடவில்லை. மருதம்பட்டை ஊறின தண்ணீர் கொடுங்கள். ஓடக் கூடாது."

சொல்லிவிட்டு, முதுகைத் திருப்பாமல், பின்பக்கமாகவே நகர்ந்து வெளியேறினார்.

ஒரு மாதத்தில் மொச்சை எழுந்து புல் மேய்ந்தான். நன்றி சொல்ல இருவரும் போனார்கள். பத்தடி தள்ளியே தும்பை நின்றுவிட்டாள்.

"நகம் உள்ளேதானே, வைத்தியரே?"

"உள்ளேதான்."

"உள்ளே இன்னும் இருக்கிறதல்லவா?"

வைத்தியர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "இருக்கிறது" என்றார்.

"ரொம்ப நன்றி!" என்றாள் தும்பை. அடுத்த நொடி அங்கே இரண்டு முயல்களும் இல்லை.

பூனை நகத்தை ஒளித்துக்கொண்டு சத்தமில்லாமல் நடப்பதும், நம் மடியில் ஏறினால் இரண்டு பாதத்தாலும் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்ப்பதும் அன்று முதல்தான். முயல் மட்டும் இன்றுவரை அதனிடம் நெஞ்சைக் காட்ட நிற்பதில்லை.