குளவி கொடுத்த வாக்கு

மலைக்காட்டில் ஓர் ஓக் மரம். அதன் இலை ஒன்றுக்குள் மினுக்கி என்ற அக்காவும் நெளியான் என்ற தம்பியும் வாழ்ந்தார்கள். இலையின் மேலே அல்ல, உள்ளே! இலையின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவில் இருக்கும் பச்சையைத் தின்று, தின்ற இடத்தையே சுரங்கமாக்கிக் குடியிருக்கும் சின்னஞ்சிறு புழுக்கள் அவர்கள். நன்றாகத் தின்று வளர்ந்தால் அரை அரிசி அளவில் வெள்ளி நிற அந்துப்பூச்சிகளாகிப் பறந்து போவார்கள்.

நடு நரம்புக்கு ஒரு பக்கம் அக்காவின் சுரங்கம், மறு பக்கம் தம்பியின் சுரங்கம். நரம்பு வழியாகவே பேசிக்கொள்வார்கள்.

அவர்களுக்கு ஒரே பயம் குளவிதான். அது இலைமேல் நடந்து, உள்ளே யாராவது மெல்லும் சத்தம் வருகிறதா என்று கேட்கும். கேட்டுவிட்டால் கொடுக்கால் தோலைக் குத்தி, புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டுவிடும். குளவிக் குஞ்சுகள் அந்தப் புழுவைத் தின்றுதான் வளரும்.

அதனால் ஒருவர் தின்னும்போது மற்றவர் காது கொடுத்துக் காவல் இருப்பார்.

"வருது! நிறுத்து!" என்பாள் மினுக்கி. நெளியான் வாயை மூடிக்கொள்வான். குளவி இங்கும் அங்கும் நடந்துவிட்டு ஏமாந்து போகும்.

ஒரு நாள் உச்சிவெயிலில் குளவி வந்தது. இருவரும் அசையவில்லை. ஆனால் குளவி போகவில்லை. நெளியானின் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது.

"பச்சை இலையில் இந்த இடம் மட்டும் வெளுத்திருக்கிறதே! நீ உள்ளேதான் இருக்கிறாய்," என்று அது மெல்லச் சொன்னது. "என்னிடம் ஒரு புழுவுக்குப் போதுமான முட்டைகள்தான் மிச்சம். இந்த இலையில் உன்னைவிடக் கொழுத்த இன்னொருவர் இருந்தால், இடத்தைச் சொல். உன்னை விட்டுவிடுகிறேன். சத்தியம்!"

கொடுக்கின் நிழல் மெல்லிய தோல் வழியாக உள்ளே விழுந்தது. நெளியான் சுரங்கத்தின் ஓரத்துக்கு நகர்ந்தான்.

"நரம்புக்கு அந்தப் பக்கம்," என்று கிசுகிசுத்தான். "காம்புக்குக் கிட்டே, மேல் இலையின் நிழல் விழும் இடத்தில்."

குளவி நரம்பைத் தாண்டிப் போனது. மினுக்கியின் அலறல் மட்டும் கேட்டது. வேலை முடிந்ததும் குளவி பறந்து போய்விட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அதன்பின் அது வரவே இல்லை.

"தம்பி," என்றாள் மினுக்கி, முனகலாக. "அதற்கு எப்படித் தெரிந்தது? நான் அசையவே இல்லையே!"

"அசைந்திருப்பாய் அக்கா. உனக்கே தெரியாமல்."

"இருக்கும்... நல்லவேளை, உன்னைப் பார்க்காமல் போய்விட்டது!"

நெளியான் நரம்பை விட்டுத் தள்ளி நகர்ந்துகொண்டான்.

மினுக்கிக்குத் தின்ன முடியவில்லை. உடம்புக்குள் ஏதோ ஊர்வது போலிருந்தது. ஆனாலும், "நீ சாப்பிடு. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்," என்றாள். அவன் தின்றான். ஒரு நாள் காலையில் கூப்பிட்டபோது அவள் குரல் வரவில்லை.

பிறகு அவன் தனியாள். ஒரு வாய் கடிப்பான், பயந்து நிறுத்துவான். காற்றில் கிளை உரசினால் குளவியோ என்று சுருண்டுகொள்வான். தின்றால் கேட்க முடியாது. கேட்டுக்கொண்டிருந்தால் தின்ன முடியாது. அவன் வளரவே இல்லை.

பக்கத்து இலைகளில் இருந்த புழுக்கள் எல்லாம் கூடு கட்டி, இறகு முளைத்துக் கிளம்பினார்கள். அவர்களில் ஒருத்தி அவன் இலையில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் புழுவாகவா இருக்கிறாய் நெளியான்? சீக்கிரம் தின்று வளர்ந்து வெளியே வா!"

"காவலுக்கு ஆள் இல்லை."

"ஏன், உன் அக்கா எங்கே?"

அவன் சுரங்கத்தின் மூலையில் சுருண்டுகொண்டான். அவள் பறந்து போனாள்.

மறுநாள் நரம்புக்கு அந்தப் பக்கம் ஏதோ அசையும் சத்தம் கேட்டது. நெளியானுக்கு உயிர் வந்தது போலிருந்தது.

"அக்கா! நீயா? அக்கா, என்னை மன்னித்துவிடு!"

அந்தப் பக்கத்துத் தோல் கிழிந்தது. ஈரம் காயாத இறகுகளோடு குட்டிக் குளவிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"யாரோ பேசுகிறார்கள்!" என்றது ஒன்று. "இதோ, இந்தப் பக்கம்!" என்றது இன்னொன்று.

"வராதீர்கள்!" என்று கத்தினான் நெளியான். "என்னை விட்டுவிடுவதாக உங்கள் அம்மா சத்தியம் செய்திருக்கிறாள்! என் அக்காவைக் காட்டிக் கொடுத்ததே நான்தான்! நான் இல்லாவிட்டால் நீங்கள் பிறந்தே இருக்க மாட்டீர்கள்!"

குட்டிக் குளவிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"அம்மாவா? நாங்கள் அவளைப் பார்த்ததே இல்லையே," என்றது மூத்தது. "எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை."

ஓடிப்போக அவனுக்குக் கால்கள் இல்லை. இலையை விட்டால் வேறு இடமும் இல்லை. மூத்த குளவி நரம்பைத் தாண்டி வந்து அவன் தலைக்கு மேல் நின்று, கொடுக்கை இறக்கியது.

அந்த ஆண்டு அந்த இலையிலிருந்து ஓர் அந்துப்பூச்சிகூடப் பறக்கவில்லை.

தன் உயிருக்காகத் துணையைக் காட்டிக் கொடுத்தவருக்கு, அடுத்த ஆபத்து வரும்போது காவல் நிற்க யாரும் இருக்க மாட்டார்கள்.